பெயர்ப்பட்டியலில் இல்லாத ட்ரம்பெற்

ஆசிரியர் உரை, நாவற்குடா

சிக் சொக்லற் என்ற பெயரை அறிந்தவர்களில் பலர் அதை ‘இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்’ என்ற பட்டத்தோடு சேர்த்தே அறிந்திருப்பார்கள். 1916இல் கோவாவின் அல்டோனாவில் அந்தோனியோ சேவியர் வாஸ் என்று பிறந்து, 1967இல் பம்பாயில் மறைந்த ட்ரம்பெற் கலைஞர் அவர். கரகரத்த குரல், கையில் வெள்ளைக் கைக்குட்டை என எல்லாவற்றிலும் அமெரிக்க ஆசானைப் பின்பற்றியவர் என்பதால் பட்டம் பொருந்தித்தான் போயிற்று. அதைச் சூட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டம் அவருடைய தொழில்வாழ்வின் கனமான பாதியை மூடி மறைத்துவிட்டது. ஊது வாத்தியக்காரர் ஒருவரின் வரலாற்றை மேடையில் அவர் யாரைப்போல் தெரிந்தார் என்பதிலிருந்து எழுதக்கூடாது, அவர் கையால் எழுதிக் கொடுத்த சுரத்தாள்களிலிருந்து எழுத வேண்டும் என்பதே இவ்வுரையின் வாதம்.

வாஸுக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயர் காலக் கோவாவில் தேவாலயங்களை ஒட்டி நடந்த பங்குப் பள்ளிகளில், பிள்ளைகளுக்குச் சுரம் வாசிக்கவும் எழுதவும் வயலின் பிடிக்கவும் சிறு வயதிலேயே கற்பித்தார்கள். ஆலயப் பாடகர் குழுவுக்கு ஆள் சேர்ப்பதுதான் நோக்கம். ஆனால் அங்கே படித்தவர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் போய் ஹோட்டல் வாத்தியக் குழுக்களை நிரப்பினார்கள். 1930களின் நடுப்பகுதியில் லியோன் அபே, கிரிக்கெற் ஸ்மித் போன்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தபோது, அந்த ஜாஸை நேரில் கேட்டுத் தாளில் இறக்கிக்கொள்ளும் பயிற்சி கோவாக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பின்னாளில் வாஸும் அதே ஹோட்டலில் தன் குழுவை நடத்தினார். சுதந்திரத்தோடு வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் கப்பலேறினார்கள். 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இரவு விடுதிகளின் வருமானத்தில் கைவைத்தது. ஹோட்டல் வேலை சுருங்கச் சுருங்க, இந்த வாத்தியக்காரர்களைச் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்கள் அள்ளிக்கொண்டன.

அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார். பெரும்பாலும் அவருக்கு மேலைச் சுரக்குறிப்பு எழுத வராது. வாத்தியக்காரர்களோ தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் எழுதுபவர்தான் அரேஞ்சர். பாட்டு ‘ஸி’ சுருதியில் என்றால் பி-பிளாற் ட்ரம்பெற்றுக்கு அதை ‘டி’யில் எழுத வேண்டும், ஆல்டோ சாக்ஸபோனுக்கு ‘ஏ’யில் எழுத வேண்டும். ஒரு தாளில் பிசகினால் கூடம் முழுவதும் அபசுரம். இதற்கு மேல், இடையிசை எத்தனை அளவு நீள வேண்டும், பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் எந்த வாத்தியம் பதில் சொல்ல வேண்டும், அடியில் எந்த ஒத்திசைச் சுரங்கள் போக வேண்டும் என்பதும் அவர் பொறுப்பு. இந்திப்பட இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவுக்கு இந்த வேலையைச் செய்துகொடுத்தவர்களில் வாஸ் முக்கியமானவர். ‘சமாதி’ (1950), ‘அல்பேலா’ (1951) பாடல்களில் இன்றும் நாம் கேட்கும் லத்தீன் அமெரிக்கத் துள்ளலும் ட்ரம்பெற் பதில்களும் அந்தக் கூட்டுறவில் விளைந்தவை.

இது பம்பாய்க் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ராம்சந்திரா இசையமைப்பாளராக அறிமுகமானதே தமிழ்ப் படங்களில்தான். அவற்றில் ஒன்று ஈழத்துத் தவமணி தேவி நடித்து, பகவான் இயக்கிய ‘வனமோகினி’ (1941). அதே பகவான்தான் பத்தாண்டு கழித்து ‘அல்பேலா’வை எடுத்தார். 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது அந்த இசையை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியது இலங்கை வானொலி. கொழும்பிலிருந்து போன அந்த ஒலிபரப்பில் பாடகர் பெயர் வந்தது, இசையமைப்பாளர் பெயர் வந்தது, படத்தின் பெயரும் வந்தது. சுரத்தாள் எழுதியவர் பெயரை அறிவிக்கும் வழக்கம் இருக்கவில்லை.

மெட்டுத்தான் படைப்பு, மற்றது அலங்காரம் என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் கைக்கு அகப்படும் சான்று வலுவானதுதான். வாஸ் தாமே இசையமைத்த ‘நாதான்’ (1951), ‘ரங்கீலி’ (1952) படங்கள் அவருக்கு ராம்சந்திராவின் புகழைக் கொண்டுவரவில்லை. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, மெட்டுக் கட்டுவதும் இசைக்கோர்ப்புச் செய்வதும் இரு வேறு திறன்கள் என்பது மட்டுமே. ஒன்றில் சராசரியாக இருந்தவர் மற்றதில் முதல்வராக இருக்கலாம். மேலும் ‘சமாதி’யின் ‘கோரே கோரே’ பாட்டின் மெட்டு, கார்மன் மிராண்டா ‘டோல் பேஸ்’ (1945) படத்தில் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. மெட்டே இரவல் என்றான இடத்தில், அதை இந்திப் பாட்டாக மாற்றியது கோர்ப்பும் குரலும் சொல்லும்தான். அங்கே அலங்காரம் என்று எதைத் தள்ளுவது?

இரண்டாவது மறுப்பைத் தள்ளிவிட முடியாது. கையெழுத்துத் தாள்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. யார் எந்த அளவை எழுதினார் என்பதை முதியவர்களின் நினைவை மட்டும் நம்பி எப்படி முடிவு கட்டுவது? முடிவு கட்ட முடியாது. கிரகரி பூத் பம்பாய் வாத்தியக்காரர்களைப் பேட்டி கண்டு எழுதிய நூலும் (2008), நரேஷ் பெர்னாண்டஸின் ‘தாஜ்மகால் பாக்ஸ்ட்ராட்’டும் (2012) தொழில்முறையைத் தெளிவாக்குகின்றன. ஒவ்வொரு பாட்டிலும் இன்னார் பங்கு இவ்வளவு என்று அளந்து தரும் சான்று வேறு வகையானது; அது அழிந்துபோன அந்தத் தாள்களில்தான் இருந்தது. சுவாமி விபுலானந்தர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வழக்கொழிந்த யாழைப் பற்றி 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட முடிந்ததற்குக் காரணம், பழைய நூல்களும் உரைகளும் கைக்கு எட்டியமைதான். 1967இல் மறைந்தவரின் வேலையை அந்த அளவுக்குக்கூட மீட்க முடியாதிருப்பது நம் காலத்துக்கு வெட்கக்கேடு.

இங்கேயும் அதே இழப்பு நடந்துகொண்டிருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியரின் கபறிஞ்ஞாவும் பைலாவும், பாடசாலைப் பாண்ட் குழுக்களும், தேவாலயத் திருவிழா வாத்தியங்களும் தாளிலும் நினைவிலுமாக வாழ்ந்தவை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்து அந்தப் பறங்கியர் வாழ்ந்த டச்பார் குடியிருப்பை வாரிக்கொண்டு போனபோது எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கெடுக்க ஒரு பட்டியல்கூட நம்மிடம் இருக்கவில்லை. கிழக்கில் இசை கற்பிக்கும் நாம் ஆண்டுவிழா நிகழ்ச்சிநிரலில் இன்றைக்கும் நெறியாளர் பெயரை மட்டும்தானே அச்சிடுகிறோம்!

அடுத்த இதழிலிருந்து இங்கே வரும் நிகழ்ச்சி விமர்சனங்களில் வாசித்தவர்கள் எல்லோரின் பெயரும், சுரத்தாள் எழுதியவரின் பெயரும் இடம்பெறும். அவை இல்லாத விமர்சனம் திருப்பி அனுப்பப்படும். பழைய பாண்ட் தாள்கள் வைத்திருக்கும் ஆசிரியர்களும் குடும்பத்தாரும் அவற்றைக் கழிவுக் கடதாசியோடு போட்டுவிடாமல், எழுதியவர் பெயரையும் ஆண்டையும் தெரிந்த அளவில் பின்புறம் பென்சிலால் குறித்து, எமக்கு ஒரு பிரதி அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.