கையெழுத்துக்கு மேலே இருப்பவர்கள்

1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடி உயரத்தை எட்டியபோது, தலைமை விமானிக்கு முன்னாலிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவரது உடலில் பாதி வெளியே தொங்கியது. பணியாளர்கள் அவர் கால்களை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். ஒருவரும் சாகவில்லை.

அந்தக் கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதை இறுக்கிய 90 திருகாணிகளில் 84 விட்டம் குறைந்தவை. அந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி ஆறும் நீளம் போதாதவை. இரவு ஷிஃப்டில் ஆள் பற்றாக்குறை என்பதால் ஷிஃப்ட் மேலாளரே இறங்கி வேலை செய்தார். அவரே கையெழுத்தும் போட்டார். பாகங்களின் பட்டியலைப் புரட்டாமல், கழற்றிய திருகாணியோடு கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். வழக்கமாகப் போடும் அளவு வேறு என்று ஸ்டோரில் இருந்தவர் சொன்னதையும் பொருட்படுத்தவில்லை. தவறு அவருடையதுதான். ஆனால் அவர் கழற்றிய பழைய திருகாணிகளே தவறான அளவு! அவற்றோடுதான் விமானம் அதுவரை பறந்துகொண்டிருந்தது. ஸ்டோரில் போதிய இருப்பு இல்லை. இந்த வேலையை இன்னொருவர் சரிபார்த்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை.

நம் நாட்டிலும் பராமரிப்பு முடிந்தபின் உரிமம் பெற்ற பொறியாளர் சான்றளித்துக் கையெழுத்திட்டால்தான் விமானம் பறக்கலாம். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் தேடப்படுவதும் அந்தக் கையெழுத்துதான். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது ஐந்து ஆண்டு. கையெழுத்திடுபவரின் தலைக்கு மேல் கத்தி இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. இதனால் விமானங்கள் பாதுகாப்பாகிவிடும் என்று நாம் நம்பவில்லை.

பாரிஸ் அருகே 2000 ஜூலை 25-ல் 113 பேர் இறந்த கான்கார்ட் விபத்தை எடுத்துக்கொள்வோம். சற்று முன்னால் கிளம்பிய கான்டினென்டல் நிறுவன விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த டைட்டானியப் பட்டை கான்கார்டின் டயரைக் கிழித்தது. அந்தப் பட்டையைப் பொருத்திய மெக்கானிக்குக்கு 2010-ல் பிரெஞ்சு நீதிமன்றம் 15 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. 2012-ல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரையும் நிறுவனத்தையும் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவித்தது. நிறுவனத்தின் இழப்பீட்டுப் பொறுப்பை மட்டும் நிலைநிறுத்தியது. பன்னிரண்டு ஆண்டு அலைக்கழிப்புக்குப் பிறகு வந்த இந்த முடிவை நாம் சரியென்றே கருதுகிறோம்.

ஹேங்கரில் வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானத்தை வெளியே விடக் கூடாது. ‘என் கருவியைக் காணோம்’ என்று ஒருவர் தானாக வந்து சொன்னால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். சொன்னால் சஸ்பெண்ட் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

அப்படியானால் யாரையும் தண்டிக்கக் கூடாதா? செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதிக் கையெழுத்திடுவது மோசடி. அதற்குச் சிறைதான் சரி. தெரியாமல் நேர்ந்த பிழையை ஒப்புக்கொண்டு அறிக்கை தருபவர் வேறு. அவரை நிறுவனம் பழிவாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-லேயே சட்டம் இயற்றியது. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கும் அப்பட்டமான அலட்சியத்துக்கும் அதில் விலக்கு இல்லை. 1934-ம் ஆண்டுச் சட்டத்தை மாற்றிப் புதிய விமானச் சட்டம் கொண்டுவந்த நாம் இதையும் அதே உறுதியோடு எழுதிக்கொள்வதில் என்ன தயக்கம்?

இழப்பீடு கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலையும் வேண்டாம். மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-ல் சேர்ந்துவிட்டது. அதன்படி சர்வதேசப் பயணத்தில் பயணி இறந்தால், குறிப்பிட்ட வரம்புவரை யார் தவறு என்று நிரூபிக்காமலேயே குடும்பம் விமான நிறுவனத்திடம் இழப்பீடு பெறலாம். மெக்கானிக் சிறைக்குப் போவதால் அந்தத் தொகை ஒரு ரூபாய்கூட உயராது.

2022 ஜூலையில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் திடீர்ச் சோதனை நடத்தியபோது, கோளாறின் காரணத்தைச் சரியாகக் கண்டறியாதது, சான்றளிக்கத் தகுதியான பொறியாளர்கள் போதாதது போன்ற குறைகளைச் சுட்டிக்காட்டியது. எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று ஹேங்கரில் நிற்கும் பொறியாளரா முடிவு செய்கிறார்? அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பராமரிப்பு நிறுவனத்திலும் பணத்துக்கும் ஆளுக்கும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மேலாளர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. விபத்துக்குப் பிறகு அவர் பெயர் மட்டும் எங்கும் அடிபடுவதில்லை.

பராமரிப்புக் கோளாறு பற்றிய எந்த விசாரணையிலும் அன்றைய ஷிஃப்ட் பட்டியலையும் உதிரிபாக இருப்புக் கணக்கையும் இயக்ககம் கைப்பற்ற வேண்டும். அவற்றில் குறை தெரிந்தால் முதல் நோட்டீஸ் பொறுப்பு மேலாளருக்குப் போகட்டும்.