கப்பல் எரிந்தால் மட்டும்தான் அமில மழையா?

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்துகொண்டிருந்தபோது, மழையில் நனைய வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம், புகையில் நைதரசன் ஒட்சைட்டு, ஆகவே அமில மழை பெய்யலாம் என்றார்கள். எச்சரிக்கை சரிதான். ஆனால் தீ அணைய அந்தச் சொல்லும் அணைஞ்சு போச்சு. 2022 டிசம்பரில் நாடு முழுக்கப் புகைமூட்டம் வந்து, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அப்போது சொன்ன காரணம் இந்தியாவிலிருந்து வந்த காற்று. அதுவும் பொய்யில்லை. வாடைக்காற்றுக்கு விசா தேவையில்லைத்தானே. ஆனால் கவனியுங்கள், ஒருமுறை பிறநாட்டுக் கப்பல், மறுமுறை பிறநாட்டுக் காற்று. எங்கட சொந்தப் புகைக்கு மட்டும் பெயரே இல்லை.

கலைப்பீடத்தில படிக்கிற உனக்கு ஏன் இந்த இரசாயனம் எண்டு கேப்பினம். சாதாரண தர விஞ்ஞானமே இதுக்குப் போதும். ஒரு அழுக்கும் சேராத மழையே கொஞ்சம் அமிலம்தான். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால் அதன் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.6. யாழ்ப்பாணம் போலக் கடல் சூழ்ந்த இடத்து மழையில் சோடியமும் குளோரைட்டும் இருக்கும், அது அலை எறிந்த உப்பு. புழுதியிலிருந்து வரும் கல்சியம் அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும். இதெல்லாம் மழையின் சொந்தச் சரக்கு. நாங்கள் ஏற்றிவிடுவது வேறு. நிலக்கரியும் டீசலும் எரிய வரும் கந்தகவீரொட்சைட்டும், எஞ்சின் சூட்டில் உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகளும் முகிலுக்குள் சல்பூரிக் அமிலமாயும் நைத்திரிக் அமிலமாயும் மாறி இறங்கும். தோட்டத்தில் எறிகிற யூரியாவிலிருந்து அமோனியா மேலே போகும்.

பின்னேரம் எந்த ஒழுங்கைக்குள்ளயும் போய்ப் பாருங்கோ. சருகோடு ஷொப்பிங் பேக்கும் உடைஞ்ச பி.வி.சி. குழாயும் சேர்ந்து எரியும். பி.வி.சி. எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வரும், அது தண்ணீரில் கரைந்தால் ஐதரோகுளோரிக் அமிலம். கொழுத்திப்போட்டு, ‘இப்பத்தைய மழை சரியில்லை’ எண்டு கதைக்கிறதும் நாங்கள்தான்.

அப்ப மழைத்தண்ணி குடிக்கேலாதோ எண்டு கேட்டு, உடனே போத்தில் தண்ணிக்கு ஓடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குடாநாட்டில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. பசளையும் மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறிப் போனதன் விளைவு அது. வானத்தால் விழும்போது அந்தத் தண்ணீரில் அவ்வளவு நைத்திரேற்று இல்லை. தாங்கியில் பிடிக்கிறவர்கள் ஆவணி, புரட்டாதி முழுக்கக் கூரையில் படிந்த புழுதியையும் காக்கா எச்சத்தையும் முதல் மழையோடு வெளியே ஓடவிட்டு, பிறகு பீலியைத் தாங்கிக்குத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாமல் முகிலில் பழி போடக்கூடாது.

குப்பை கொழுத்துவதை நாளைக்கே நிறுத்தலாம். ஆனால் நுரைச்சோலையை நானும் நீங்களும் நிறுத்த முடியாது. 2011இல் தொடங்கி இன்று 3 அலகுகளில் 900 மெகாவாற் கொள்ளளவோடு நிற்கிறது. கப்பல் சில நாட்கள்தான் எரிந்தது. இது வருசக்கணக்காக எரிகிறது. சோளகம் வீசும் மாதங்களில் அந்தப் புகை புத்தளம், அனுராதபுரம் பக்கமாக நிலத்துக்குள் வரும். கந்தகத்தைப் பிடிக்கும் கருவி பூட்டியிருக்கு எண்டு பதில் வரும். சந்தோசம். பிடிபடாமல் நேற்று எவ்வளவு வெளியே போனது? எங்கே எத்தனை மில்லிமீற்றர் மழை என்று ஒவ்வொரு நாளும் செய்தியில் சொல்கிறார்கள். அந்த மழையின் பி.எச். எவ்வளவு, அந்தப் புகைபோக்கியால் வெளியேறிய கந்தகவீரொட்சைட்டு எவ்வளவு என்பதையும் அதே செய்தியில் சொல்லட்டும், தமிழிலும்.