ஹிகாருவின் தாயும் ஹிகாருவின் பள்ளியும்

ஜப்பானிய ஓவியர் கெய்கோ டோபே எழுதி வரைந்த 'ஹிகாரி தோ தொமோனி' என்னும் மாங்கா, அதாவது தொடராக வெளிவரும் ஜப்பானியப் படக்கதை, ஆட்டிசம் உள்ள ஹிகாரு என்ற சிறுவனையும் அவனை வளர்க்கும் சச்சிகோ, மசாதோ தம்பதியரையும் பற்றியது. அகிதா ஷோட்டென் நிறுவனத்தின் இல்லத்தரசிகளுக்கான இதழொன்றில் வெளிவந்த இத்தொடர், 2004-இல் ஜப்பானிய அரசின் ஊடகக் கலை விழாவில் சிறப்புப் பரிசு பெற்றதோடு, அதே ஆண்டில் தொலைக்காட்சி நாடகமாகவும் ஒளிபரப்பானது.

மதியிறுக்கம் என்றும் தமிழில் வழங்கும் ஆட்டிசம், பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை ஏற்பதிலும் வேறுபாடுகளை உண்டாக்கும் நரம்பு வளர்ச்சி நிலையாகும். மனநல மருத்துவர் லியோ கான்னர் 1943-இல் இதனை விரிவாக விவரித்த பின்னர், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்ற பிழையான கருத்து பல்லாண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் அதற்கு மேலும் வலுச் சேர்த்தது. ஆய்வாளர்கள் அக்கருத்தைக் கைவிட்ட பின்னும் குடும்பங்கள் கைவிடவில்லை என்பதை டோபே நன்கு அறிந்திருந்தார். அதனால்தான், பிள்ளை பேசாததற்கு மருமகளின் வளர்ப்பைக் குறைகூறும் மாமியாரும், அலுவலகப் பணியில் மூழ்கி வீட்டை மறந்த கணவனும் கதையின் தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றனர்.

எனினும் இத்தொடரின் உண்மையான வலிமை சச்சிகோவின் கண்ணீரில் இல்லை. அவள் தன் மகனின் நடத்தைக்குக் காரணம் தேடக் கற்றுக்கொள்ளும் பகுதிகளில் இருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தை அடம்பிடிக்கவில்லை, பிறர் பொருட்படுத்தாத ஓசை அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது என்பதையும், வாய்ச்சொல்லால் விளங்காத ஒன்றைப் படஅட்டை விளக்கிவிடும் என்பதையும், அடுத்து நடக்கவிருப்பதை முன்கூட்டியே காட்டினால் அவனது பதற்றம் தணியும் என்பதையும் வாசகர் சச்சிகோவோடு சேர்ந்தே அறிகிறார். சொற்களைவிடப் படங்களால் எளிதில் புரிந்துகொள்ளும் ஒரு சிறுவனின் கதை படக்கதையாகவே சொல்லப்பட்டிருப்பது மிகப் பொருத்தமானது.

கதை பள்ளிக்குள் நுழைந்ததும் கேள்வி விரிவடைகிறது. புரிதலுள்ள ஆசிரியர் அமைந்தால் ஹிகாரு முன்னேறுகிறான். அவர் மாறிப்போனால் தாய் எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தையின் கல்வி தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும்வரை அது உரிமையாகாது என்பதை இப்பகுதிகள் அழுத்தமாக உணர்த்துகின்றன. ஜப்பானில் வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான ஆதரவுச் சட்டம் 2004-இல்தான் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்தத் தொடர் எத்தகைய இடைவெளியில் நின்று பேசியது என்பது விளங்கும்.

இதில் ஒரு குறையும் உண்டு. பெரும்பாலும் தாயின் பார்வையிலேயே கதை நகர்வதால், ஹிகாருவின் மனத்துக்குள் நடப்பவை ஊகமாகவே நின்றுவிடுகின்றன. டோபே 2010-இல் காலமானதால் தொடரும் முற்றுப்பெறவில்லை. ஹிகாரு வளர்ந்து, வேலை செய்து வாழும் காலம் வரையப்படவே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் இதில் தங்களையே காண்பார்கள். ஆனால் இதை முதலில் படிக்க வேண்டியவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்களும் கல்வித்துறை அலுவலர்களுமே ஆவர்.