‘கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும்’ என்ற பொய்

மெமரியைப் பற்றிக் கவலையே வேண்டாம், கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும். 2002-இல் டாட்நெட் வெளிவந்த காலம் தொட்டு வகுப்பறையிலும் வேலை நேர்காணலிலும் ஓதப்பட்டுவரும் பாடம் இது. திரையில் தெரியும் பொருள்களைப் பொறுத்தவரை இது முழுப் பொய்.

விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு பட்டனுக்கு இரண்டு உடல்கள். ஒன்று, நம் நிரல் உருவாக்கும் சின்ன ஆப்ஜெக்ட். மற்றது, இயங்குதளம் தன் வசம் வைத்திருக்கும் உண்மையான விண்டோ. கலெக்டர் எடைபோடுவது முதலாவதை மட்டும்தான். ரேம் தாராளமாக இருக்கையில் அந்தச் சின்ன ஆப்ஜெக்டை அள்ள அதற்கு என்ன அவசரம்? இயங்குதளத்தின் கணக்கோ வேறு; தன் வசம் உள்ளவற்றை அது ஹேண்டில்களாக எண்ணுகிறது. ஒரு செயலி வைத்திருக்கக்கூடிய ஜிடிஐ ஹேண்டில்களுக்கு வழக்கமான உச்சவரம்பு 10,000. யூசர் ஹேண்டில்களுக்கும் அதே 10,000. ரேமில் இடம் மிச்சமிருக்கும்போதே இது தீர்ந்துபோகும். ஃபார்ம்கள் பாதி வரையப்பட்டு நிற்கும், பிறகு செயலியே விழும்.

கலெக்டர் வந்துவிட்டால் மட்டும்? ஒரு விண்டோவை உருவாக்கிய திரெட்தான் அதை அழிக்கலாம் என்பது விண்டோஸின் விதி. கலெக்டர் சார்பில் சுத்தம் செய்யும் ஃபைனலைசர் ஓடுவதோ வேறொரு திரெட்டில், அதுவும் எப்போதென்று சொல்ல முடியாத நேரத்தில்.

இதெல்லாம் ரகசியமல்ல. ஷோடயலாக் வழியாகத் திறந்த ஃபார்மை மூடினால் அது மறைகிறதே தவிர அழிவதில்லை, கன்ட்ரோல்ஸ்.கிளியர் ஹேண்டில்களை விடுவிப்பதில்லை, டிஸ்போஸை நீங்கள்தான் அழைக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. சிஸ்டம்ஈவன்ட்ஸ் போன்ற ஸ்டாட்டிக் நிகழ்வில் மாட்டிய ஹேண்ட்லரைக் கழற்றாவிட்டால் இன்னும் மோசம்: மூடிய ஃபார்மை அந்த நிகழ்வே பிடித்து வைத்திருக்கும், கலெக்டரால் தொடவும் முடியாது.

“மூடித் திறந்தால் சரியாகிவிடுமே” என்பார்கள். ஆகும்; செயலி முடிந்ததும் இயங்குதளம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் காலையில் திறந்து இரவு வரை ஓடும் பில்லிங் கவுன்டரில் யார் மூடித் திறப்பது? வரிசை நீளும்போது வாடிக்கையாளரின் கோபத்தை வாங்கிக்கொள்வது அங்கே உட்கார்ந்திருக்கும் பெண். நிரல் எழுதியவர் அந்த இடத்திலேயே இல்லை. இந்த அநியாயத்தைச் சோம்பல் என்றுகூடச் சொல்ல மாட்டேன். தவறாகக் கற்பித்ததன் விளைவு.

ஷோடயலாக் வரும் இடமெல்லாம், டிஸ்போஸைத் தானே அழைக்கும் யூசிங் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நிரலை ஏற்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ, யூசர் ஆப்ஜெக்ட் பத்திகளைத் திறந்து வைத்து, ஒரே திரையை நூறு முறை திறந்து மூடுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், விடுவிக்க வேண்டியவர் நீங்கள்.