ஒரு சுவர் கேட்பதற்கு ஆங்கிலம் எதற்கு?

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் அடுத்த ஆண்டு தொடங்கிவிடும். அன்றுதான் காலண்டர் கம்பெனிகள் பூஜை போட்டுப் புது ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். முருகன் எத்தனை ரகம், இயற்கைக் காட்சி எத்தனை ரகம், எந்தப் படத்துக்கு எந்த நம்பர், ஆயிரம் காலண்டருக்கு என்ன விலை என்று எல்லாமே அந்த ஆல்பத்துக்குள் இருக்கும். ஏஜென்ட் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கடைக்காரர் நின்றபடியே புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார். தன்னிடம் என்ன இருக்கிறது, அது எதிராளியின் சுவருக்கு எப்படிப் பொருந்தும் என்று புரியும்படி எடுத்துச் சொல்வதில் இந்த ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

அதே ஊர்க்காரரிடம், "நீங்கள் வரைந்ததைக் காட்சிக்கு வைக்கலாமே, ஒரு விண்ணப்பம் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் படிச்சவங்க எழுதுறது சார்" என்று ஒதுங்கிவிடுவார். இந்தத் தயக்கத்துக்கு அவர் பொறுப்பில்லை, காட்சிக்கூடங்கள் விண்ணப்பம் கேட்கும் முறைதான் பொறுப்பு. அந்த முறையை மாற்ற வேண்டும். சிறிய ஊர்களில் இருக்கும் சிறிய காட்சிக்கூடங்கள்தான் அதை முதலில் செய்ய முடியும்.

நான் அச்சகத்தில் ஆர்ட்டிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவன். பாசிட்டிவ் பிலிமை விளக்கு மேசையில் விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாகத் திருத்திய தலைமுறை எங்களுடையது. கம்ப்யூட்டர் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. இப்போது நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, பழைய பைண்டிங் கூடம் ஒன்றின் மாடியில் சிறு காட்சிக்கூடம் நடத்துகிறேன். வெள்ளையடித்த நான்கு சுவர், சில விளக்குகள், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். வருகிற விண்ணப்பங்களைப் படிப்பது என் வேலை.

படிவம் யாரைத் தேடுகிறது?

பல ஆண்டுகளுக்கு முன் பெருநகரக் காட்சிக்கூடம் ஒன்றுக்கு நானும் விண்ணப்பித்தேன். படிவம் முழுக்க ஆங்கிலம். என் கலைக் கொள்கையை ஒரு கட்டுரையாக எழுத வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தெந்த நகரங்களில் காட்சி வைத்திருக்கிறேன், என்ன பரிசு வாங்கியிருக்கிறேன் என்று வரிசையாகக் கேள்விகள். திருப்பித் தராத கட்டணம் தனி. பணத்தைக் கட்டி அனுப்பினேன். இல்லை என்றுகூடப் பதில் வரவில்லை. அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை, படிவங்களில் பலவும் ஒரே வார்ப்புதான். இதற்கு முன் எங்கே காட்சி வைத்தாய் என்று முதல் கேள்வியிலேயே கேட்டால், முதல்முறையாக வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

இந்த வட்டாரத்தின் கலை வளர்ந்த விதமே வேறு. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பிறகு பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது, அதை ஒட்டி அச்சகங்கள் பெருகின. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக லித்தோ கல்லில் கையால் எழுதிய ஆர்ட்டிஸ்ட்கள் இங்கே இருந்தார்கள். லேபிளின் ஓரத்தில் அச்சகத்தின் பெயரைப் பார்க்கலாம். எழுதியவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு (1898–1976) இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர்; கம்பெனி கலைந்ததும் அந்த ஊரிலேயே தங்கி தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்தினார். சுப்பையா, ராமலிங்கம் முதலான சீடர்கள் அவரிடம் உருவானார்கள். அவர்கள் எழுதிய சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாடெங்கும் பூஜையறைகளில் சட்டம் போட்டு மாட்டப்பட்டன. ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற மானிடவியலாளர் கொண்டைய ராஜுவைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். சிவகாசி வரை வந்து ஆய்வு செய்த காஜ்ரி ஜெயின், இந்தியக் காலண்டர் ஓவியங்களைப் பற்றி 2007இல் ஒரு நூலே வெளியிட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் இந்த வரலாறு பத்திரமாக இருக்கிறது. திருத்தங்கலில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை இதைப் பார்க்க எங்கே போகும்? அந்தப் பிள்ளையின் தாத்தா பீரோவில் வைத்திருக்கும் லேபிள் கட்டு, ஒரு விண்ணப்பம் எழுத ஆளில்லாமல் பழைய பேப்பர் கடைக்குப் போனால் யார் பொறுப்பு?

ஒரு பக்கம் போதும்

எங்கள் படிவம் ஒரே பக்கம், தமிழில். என்ன காட்டப் போகிறீர்கள்? எத்தனை உருப்படி, என்ன அளவு? சுவரில் மாட்டுவதா, தரையில் வைப்பதா, கரண்ட் தேவையா? இந்த ஊர்க்காரர்கள் இதை ஏன் பார்க்க வேண்டும்? என்ன செலவாகும், அதில் எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? படத்தில் மனிதர்கள் இருந்தால் அவர்கள் சம்மதித்தார்களா? இவ்வளவுதான் கேள்விகள். எழுத வராதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம். அதுவும் சிரமம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்லலாம், நாங்கள் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். கட்டணம் கிடையாது. கல்லூரி, பரிசு விவரமெல்லாம் கேட்பதே இல்லை.

இப்படிக் கேட்டால் என்ன வரும் என்பதற்கு ஓர் உதாரணம். ஆப்செட் மெஷின்மேன் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். "சார், இதை யாரும் வரையல. மெஷின்ல வந்தது, நான் பொறுக்கி வச்சேன். இதை மாட்டலாமா?" அச்சு வேலை தெரிந்தவர்களுக்கு அவர் சொல்வது உடனே விளங்கும். மையும் தண்ணீரும் ஒரு நிலைக்கு வந்து, கலர் மேல் கலர் சரியாக உட்காரும் வரை நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஓட்டிய வேஸ்ட் ஷீட்டையே திரும்பத் திரும்ப விடுவார்கள். வெவ்வேறு நாளில் வெவ்வேறு வேலைக்கு ஓடிய அந்தத் தாளில் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

அவர் கொண்டுவந்த சுருளை மேசையில் விரித்தோம். ஒரு தாளில் முருகனின் வேல் மேல் புடவைக்கடை விளம்பரம், அதற்கும் மேலே ஊறுகாய் பாக்கெட், மூலையில் பள்ளி நோட்டின் அட்டை. இன்னொன்றில் மெஜந்தா சற்றுத் தள்ளி விழுந்ததால் ஒரு குழந்தையின் உதட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் உதடு. மஞ்சள் மட்டும் ஓடிய இடத்தில் முகம் வெயிலில் நிற்பதுபோல வெளிறியிருந்தது. எத்தனையோ ஆயிரம் தாள்கள் கழிவுக்குப் போகும்போது இவர் எதை உருவினார், எதை விட்டார் என்பதில் தேர்ந்த ஒரு கண் தெரிந்தது. ஒரு காட்சிக்கு வேண்டியது அந்தக் கண்தான். கம்பெனிகளின் பெயர் தெரியும் தாள்களுக்கு மட்டும் முதலாளியிடம் அனுமதி வாங்கி வரச் சொல்லி, அவருக்கு முழு கூடத்தையும் கொடுத்தோம். கலைக் கொள்கையைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருந்தால் அவர் எங்கள் படி ஏறியிருக்கவே மாட்டார்.

மறுப்பதற்கும் முறை உண்டு

கதவைத் திறந்து வைப்பது என்றால் வருகிறதையெல்லாம் மாட்டுவது என்று பொருளில்லை. இணையத்தில் கிடைத்த படத்தை அப்படியே நகல் எடுத்து வருபவர்களை மறுக்கிறோம். மறுக்கும்போது காரணத்தை ஒரு மாதத்துக்குள் எழுதித் தருகிறோம். பதிலே சொல்லாமல் விடுவதுதான் விண்ணப்பித்தவருக்குச் செய்யும் பெரிய அவமதிப்பு.

எங்கள் ஊருக்கென்றே ஒரு கனமான கேள்வியும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். இந்தப் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விபத்துப் படங்களைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஒரு புகைப்படக்காரர் கேட்டார். படங்கள் உண்மையானவை, அவருடைய கோபமும் நியாயமானது. ஆனால், படத்தில் உடலாகக் கிடப்பவரைப் பெற்றவள் எங்கள் வாசல் வழியாகத்தான் சந்தைக்குப் போகிறாள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் மாட்ட முடியாது என்றோம். விபத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அவர் சம்மதித்த வீடுகளுக்குப் போய், சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் போட்டோக்களை அந்தக் குடும்பத்தாரோடு சேர்த்து எடுத்து மறுபடி விண்ணப்பித்தார். அதை ஏற்றுக்கொண்டோம். கண்காட்சி நாட்களில் அந்தக் குடும்பங்களே வந்து நின்று பார்வையாளர்களிடம் பேசினார்கள்.

ஒரு பெண் தொழிலாளியின் விண்ணப்பம் இன்னொரு பாடம் கற்றுக் கொடுத்தது. பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வேலை முடிந்து வேனில் திரும்பும்போது, உடன் வேலை பார்ப்பவர்களின் கைகளை அவர் செல்போனில் எடுத்திருந்தார். சோப்புப் போட்டும் போகாத அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் வெள்ளி கட்டியதுபோல நிற்கிறது. "என் பேரு வேண்டாம் சார், வேலை போயிரும்" என்றார். அவர் பயம் நியாயமானது. பெயர் இல்லாமல், முகமும் ஆலையும் தெரியாமல் காட்சி வைக்கும் உரிமையைப் படிவத்திலேயே எழுதிவிட்டோம். தொழிலாளர் அதிகம் உள்ள எந்த ஊரிலும் இந்த வரி இல்லாத படிவம் முழுமையான படிவம் ஆகாது.

காலக்கெடுவையும் ஊருக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். தீபாவளி முடிந்தால் பட்டாசுத் தொழிலாளிக்குச் சில வாரம் ஓய்வு கிடைக்கும். அச்சகத் தொழிலாளிக்கு அப்போது காலண்டர் வேலை தலைக்கு மேல் இருக்கும். பொங்கல் கழிந்துதான் மூச்சு விட முடியும். ஒரே கடைசித் தேதி வைத்தால் இருவரில் ஒருவர் கட்டாயம் விடுபடுவார். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குகிறோம். கூடமும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் திறந்திருக்கும். பகல் பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டினால் வேலைக்குப் போகிற ஒருவரும் வர முடியாது.

மற்ற ஊர்கள் செய்து காட்டியிருக்கின்றன

தொழில் நகரத்தில் கலை எடுபடாது என்பவர்கள் ஆலப்புழையைப் பார்க்கட்டும். 2021இல் 'லோகமே தறவாடு' கண்காட்சியில் 267 மலையாளக் கலைஞர்களின் படைப்புகள் இடம்பெற்றபோது, கயிறு வணிகத்துக்குப் பயன்பட்ட பழைய கட்டடங்களும் காட்சிக்கூடங்கள் ஆயின. நம்மவர்கள் ஏராளமாக வாழும் மும்பை தாராவியில், 2015இல் ஸ்நேகா தொண்டு நிறுவனம் நடத்திய 'ஆலி கலி பியனாலே'வில், அங்கே குடியிருப்பவர்களே கலைஞர்களோடு சேர்ந்து செய்தவை காட்சிக்கு வந்தன. விருதுநகர் மாவட்டத்திலும் காலியான தீப்பெட்டி ஆபீஸ்களும் அச்சகக் கூடங்களும் இருக்கின்றன. வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த பொருட்களைப் பார்க்கக் கூட்டம் கூடியதையும் கண்டோம். பார்ப்பதற்கு இங்கே ஆள் பஞ்சம் இல்லை.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. கலைஞர்கள் கண்காட்சி நடத்தத் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு நிதியுதவி அளிக்கிறது. அந்த உதவி முறையாக ஓவியம் படித்தவரோடு நின்றுவிடாமல், லேபிள் எழுதியவருக்கும் ஸ்டுடியோ போட்டோகிராபருக்கும் எட்ட வேண்டும். மாவட்டம்தோறும் ஆண்டுக்கு ஒருநாள் முகாம் போட்டு, பேசுகிறவரிடம் கேட்டு அங்கேயே விண்ணப்பம் எழுதித் தரலாம். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு சுவரையாவது உள்ளூர் விண்ணப்பதாரருக்கு ஒதுக்கலாம். அச்சக முதலாளிகள் ஒரு கண்காட்சிக்கு வேண்டிய தாளையும் அச்சையும் கொடுத்தால் அவர்கள் கணக்கில் அது பெரிய தொகை ஆகாது.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய சொற்களைத் தேட வேண்டாம். பொருளைச் சொல்லுங்கள், அளவைச் சொல்லுங்கள், அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லுங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் வைத்து நேராக ஒரு போட்டோ எடுங்கள். பட்டாசு சம்பந்தமானது என்றால் காலிப் பெட்டியும் லேபிளும் மட்டும் கொண்டு வாருங்கள்; மருந்து ஒரு சிட்டிகைகூட கூடத்துக்குள் வரக் கூடாது.

எழுதத் தயங்குகிறவருக்கு எழுதிக் கொடுக்க இந்த மாவட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்கள், நூலகர்கள், கல்லூரி மாணவர்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் லேபிள் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார், படம் எழுதிப் பழகிய பைண்டிங் தொழிலாளி ஒருத்தி இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டு, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு பக்கத்தை வாங்கிப் படித்து பதில் சொல்வது காட்சிக்கூடங்களின் கடமை.