சதுரடி என்ன ரேட்டுங்க?

வீடு கட்டப் போறேன்னு யாராவது சொன்னா போதும், எதிர்ல இருக்கறவர் வாயிலிருந்து வர்ற முதல் கேள்வி இதுதான்: "சதுரடி என்ன ரேட்டுக்குப் பேசியிருக்கீங்க?" என்னைக் கேட்டா, வீட்டுக்காரருக்கும் காண்டிராக்டருக்கும் நடக்குற சண்டைகள்ல பெரும்பாலானது இந்தக் கேள்வியிலதான் பொறக்குது. ரெண்டு பேரும் ஒரு நம்பரை ஒத்துக்குறாங்க. அந்த நம்பருக்குள்ள என்ன இருக்குன்னு ஆளாளுக்கு ஒண்ணை நினைச்சுக்கறாங்க. ஆறு மாசம் கழிச்சு அவர் திருடன், இவர் கஞ்சன்.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்"னு பெரியவங்க சொன்னதை நாம ஏதோ தலைவிதி மாதிரி எடுத்துக்கிட்டோம். ஆனா கல்யாணத்துக்கு சமையல்காரர் வந்தா எத்தனை இலை, எத்தனை கூட்டு, பாயாசம் பாலா பருப்பான்னு உட்கார்ந்து லிஸ்ட் போடுறோம்ல? மொத்த சேமிப்பையும் இருபது வருஷ வங்கிக் கடனையும் கொட்டுற வீட்டுக்கு மட்டும் ஒரே ஒரு நம்பர். அதுவும் வாய்வார்த்தையா!

சதுரடிக்கு உயரம் கிடையாது

உதாரணத்துக்கு, 1000 சதுரடி வீட்டுக்கு ஒருத்தர் 2300 சொல்றார், இன்னொருத்தர் 2500 சொல்றார்னு வைங்க. ரெண்டு லட்சம் மிச்சம்னு முதல் ஆள்கிட்ட போயிடுவோம். அவர் கணக்குல சம்ப் இருக்கா? செப்டிக் டேங்க்? காம்பவுண்டு சுவர்? மாடித் தண்ணித் தொட்டி? போர்டிகோவுக்கு முழு ரேட்டா, பாதி ரேட்டா? மாடிப்படிக்கு மேல வர்ற ஹெட்ரூம் எந்தக் கணக்கு? இதையெல்லாம் கூட்டிப் பார்த்தா ரெண்டாவது ஆள்தான் மலிவா இருந்திருப்பார்.

அதைவிட முக்கியம், சதுரடிங்கறது நீளமும் அகலமும் மட்டும்தான். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், பேஸ்மென்ட் ரோட்டிலிருந்து எத்தனை அடி உயரம், தளத்துக்கு எத்தனை அடி, எதுவும் அதுல வராது. கரிசல் மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே அஸ்திவாரம் போட முடியுமா? தஞ்சாவூர்ப் பக்கம் நண்பர் ஒருத்தருக்கு இதுலதான் சிக்கல் வந்தது. தெருவுல மழைத்தண்ணி நிக்கும், அதனால பேஸ்மென்ட்டை மூன்றரை அடி தூக்கணும்னார். காண்டிராக்டர் ரெண்டடிக்குத்தான் ரேட் சொன்னேன், மேல போனா தனிக்காசுன்னார். ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருந்தது. எழுதி வெச்ச பேப்பர்தான் இல்லை. வேலை ரெண்டு மாசம் நின்னுச்சு. அந்த ரெண்டு மாசமும் அவர் வாடகையும் கட்டினார், வங்கி வட்டியும் கட்டினார்.

அதனால ரேட்டைப் பேசறதுக்கு முன்னாடி லிஸ்ட் எழுதுங்க. சிமெண்ட், கம்பி என்ன பிராண்டு. கான்கிரீட் என்ன கிரேடு. செங்கல்லா, ஃபிளை ஆஷ் கல்லா. எந்தச் சுவர் 9 இன்ச், எந்தச் சுவர் நாலரை இன்ச். டைல்ஸ் சதுரடி எத்தனை ரூபாய் வரைக்கும். நிலைக்கும் கதவுக்கும் என்ன மரம். எத்தனை லைட் பாயிண்ட், எத்தனை பிளக் பாயிண்ட். பட்டி எத்தனை கோட், பெயிண்ட் எத்தனை கோட். இதுக்கப்புறம் இன்னொரு லிஸ்ட்: இந்த ரேட்டுல எதெல்லாம் வராது. என் அனுபவத்துல முதல் லிஸ்ட்டைவிட இந்த ரெண்டாவது லிஸ்ட்தான் சண்டையைத் தடுக்கும். ஜிஎஸ்டி உள்ளயா வெளியேங்கறதையும் அதுலயே எழுதிடுங்க. பொருளோட சேர்ந்த காண்டிராக்டுக்கு வரி உண்டு. தனி வீட்டுக்கான வெறும் லேபர் காண்டிராக்டுக்கு விலக்கு இருக்கு.

பணம் வேலைக்குப் பின்னாடி நடக்கணும்

வேலையைப் பாதியில போட்டுட்டு ஓடிட்டார்னு நாம கேள்விப்படற காண்டிராக்டர்கள் எல்லாரும் ஏமாத்தணும்னு வந்தவங்க இல்லை. நம்ம சைட்டு அட்வான்ஸ்ல முந்தின சைட்டு கம்பி பாக்கியைக் கட்டுவாங்க. அடுத்த சைட்டு அட்வான்ஸ்ல நம்ம வீட்டுக்குப் பூச்சு நடக்கும். அடுத்த சைட்டு கிடைக்காத மாசம் சங்கிலி அறுந்துடும். போன் எடுக்க மாட்டாங்க. அந்தச் சங்கிலியில நாம ஒரு கண்ணியா இருக்கக் கூடாதுன்னா, செஞ்ச வேலைக்கு மேல ஒரு ரூபாய்கூட அவங்க கையில இருக்கக் கூடாது.

தரைத்தளம் மட்டும் உள்ள வீடுன்னா நான் சொல்ற கணக்கு இது. அட்வான்ஸ் 5 சதவீதம், பேஸ்மென்ட் முடிஞ்சதும் 15, லிண்டல் மட்டத்துல 15, ரூஃப் கான்கிரீட் போட்டதும் 25, பூச்சு முடிஞ்சதும் 15, தரை வேலைக்கு 10, பெயிண்டும் ஃபிட்டிங்கும் முடிஞ்சா 10. கடைசி 5 சதவீதம் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்தப்புறம். ஒழுகுதா இல்லையான்னு மழைதான் சர்டிபிகேட் தரணும் :-)

"5 சதவீதத்துல கம்பியும் சிமெண்டும் எப்படி வாங்குவேன்?"னு காண்டிராக்டர் கேட்பார். நியாயமான கேள்விதான். கம்பி, சிமெண்ட் பணத்தை நாமே நேரா கடைக்குக் கட்டி, அந்தந்தக் கட்டத்துல கழிச்சுக்கலாம். இன்னொண்ணு, வங்கியும் கடனைக் கட்டம் கட்டமாத்தான் விடும். வங்கியோட கட்டமும் காண்டிராக்டரோட கட்டமும் பொருந்துதான்னு முதல்லயே பார்த்துடுங்க. இல்லேன்னா நடுவுல வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும்.

பணத்தைப் பிடிச்சு வைக்கறது வேற, இழுத்தடிக்கறது வேற. மேஸ்திரி ஒவ்வொரு சனிக்கிழமையும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி பட்டுவாடா பண்ணணும். கட்டம் முடிஞ்சும் நாம பத்து நாள் தள்ளினா, திங்கட்கிழமை சைட்டுல ஆள் இருக்காது. வேற சைட்டுக்குப் போயிருப்பாங்க. திரும்பக் கூட்டிட்டு வர்றது குதிரைக்கொம்பு.

நம்ம பக்கத்து அழும்பு

காண்டிராக்டரை மட்டும் திட்டி ஒரு பதிவு எழுதறது சுலபம். சுவர் எழும்பி நிக்கும்போது "இந்த ஜன்னலை அந்தப் பக்கம் மாத்திடுங்களேன்"னு சொல்றது யாரு? ஊர்லேருந்து வர்ற சித்தப்பா "அக்னி மூலை இடிக்குதே"ன்னு சொன்னதும் அடுப்படியைத் தள்ளச் சொல்றது யாரு? இடிக்கற கூலி, வீணான கல், மறுபடி கட்டற கூலி எல்லாத்தையும் அவர் தலையில கட்டப் பார்க்கறது நாமதான். வாஸ்து பார்க்கறவங்க தாராளமா பாருங்க, பிளான் பேப்பர்ல இருக்கும்போதே பார்த்துடுங்க. பேப்பர்ல சுவரை நகர்த்த அழிரப்பர் போதும்.

அப்படியும் மாத்த வேண்டி வந்தா, சைட்டுல ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, என்ன மாற்றம், எவ்வளவு காசு, ரெண்டு பேர் கையெழுத்து. "அப்புறம் பார்த்துக்கலாம் சார்"ங்கற வார்த்தையை ரெண்டு பக்கமும் தடை பண்ணணும்.

தனியா ஒரு கண்

காண்டிராக்டர்கிட்டயே இன்ஜினியர் இருக்கார், அவரே பார்த்துப்பார்ங்கறது, பரீட்சை எழுதினவனையே பேப்பர் திருத்தச் சொல்ற கதை. தேக்குல வாசக்கதவு செதுக்க ஒரு லட்சத்தை யோசிக்காம எடுத்து வைக்கிறோம். சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியருக்குக் காசு கொடுத்து ஆறு தடவை வந்து பார்க்கச் சொல்ல மனசு வர மாட்டேங்குது. அஸ்திவாரக் குழி, ஃபுட்டிங் கம்பி, பிலின்த் பீம், லிண்டல், ரூஃப் கம்பி, பாத்ரூம் வாட்டர் ப்ரூஃபிங்னு ஆறு நாள்தான். கான்கிரீட் கொட்டறதுக்கு முந்தின நாள் வந்து கம்பியைப் பார்க்கணும். கொட்டினப்புறம் பார்க்க ஒண்ணும் இருக்காது.

நாமளும் சிலதைத் தெரிஞ்சு வெச்சுக்கலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456. இப்ப நடைமுறையில இருக்கறது 2000ல வந்த பதிப்பு. கம்பி போட்ட கான்கிரீட் குறைஞ்சது எம்20 இருக்கணும்னு அது சொல்லுது. சைட்டுல அளந்து கலக்கும்போது அது 1:1½:3. எம்20க்கு ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணி 30 லிட்டருக்கு மேல போகக் கூடாது. கலவை சுலபமா ஓடணும்னு ஓஸைத் திறந்து விடற நிமிஷத்துலதான் ரூஃப் பலம் போகுது. அன்னைக்கு ஆளுங்களுக்கு பிரியாணி ஏற்பாடு பண்ற மும்முரத்துல நாம அதைப் பார்க்கறதே இல்லை. கம்பிக்கு அடியில கவர் பிளாக் வைக்காம ஜல்லித் துண்டைச் சொருகறதும் அன்னைக்குத்தான் நடக்கும்.

அடுத்தது சென்ட்ரிங். 4.5 மீட்டர் வரைக்கும் அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் இருக்கணும், அதுக்கு மேலன்னா 14 நாள். ஹால் 15 அடி அகலம்னா 4.5 மீட்டரைத் தாண்டிடுச்சு, கவனிங்க. இதுவும் ஓபிசி சிமெண்ட் கணக்கு. இப்ப கடையில பரவலா கிடைக்கற பிபிசின்னா இன்னும் பொறுக்கணும். அவசரமா பிரிக்கறதுக்குக் காரணம் எளிமையானது. பலகையும் முட்டும் வாடகைக்கு வந்தது, இல்லேன்னா அடுத்த சைட்டுல அதுக்காகக் காத்திருக்காங்க. எத்தனாவது நாள் பிரிக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டா அந்த வாக்குவாதம் கிடையாது. தண்ணி நனைக்கறதும் அப்படித்தான். பிபிசின்னா குறைஞ்சது 10 நாள்னு விதி, நம்ம வெயிலுக்கு 14 நாள் பாத்தி கட்டித் தேக்கறது நல்லது.

கம்பி எடைக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதையே அதால பெருக்கி, 162ஆல வகுத்தா ஒரு மீட்டர் கம்பியோட எடை கிலோல வரும். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம்னா சுமார் 10.7 கிலோ. எம்-சாண்ட் ஒரு யூனிட்ங்கறது 100 கன அடி. லாரி உள்கூட்டை டேப் வெச்சு அளந்தா தெரிஞ்சுடும். ரெண்டு தடவை அளந்து பார்த்தீங்கன்னா மூணாவது தடவை அளக்க வேண்டிய தேவையே வராது ;-)

பூச்சுக்கு முன்னாடி பைப், ஒயரிங் போற சுவர் ஒவ்வொண்ணையும் டேப் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ஆணி அடிக்கும்போது என்னை நினைச்சுப்பீங்க.

"நம்ம ஆளுதானே"

சொந்தக்காரர், கூடப் படிச்சவர், ஒரே தெரு. இவங்ககிட்ட எழுதி வாங்கக் கூச்சமா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க. வெளியாள்கிட்ட சண்டை வந்தா பணம் மட்டும்தான் போகும். நம்ம ஆளுகிட்ட சண்டை வந்தா பணமும் போகும், கிரகப்பிரவேசத்துக்கு அந்தக் குடும்பமே வராது. அதனால அவங்ககிட்டதான் இன்னும் தெளிவா எழுதணும்ங்கறது என் கட்சி.

எல்லாம் மீறி கெட்டுப் போச்சுன்னா, ரெரா நமக்கு உதவாது. அது பெரிய மனை, அடுக்குமாடி திட்டங்களுக்கானது. நம்ம மனையில நாம ஆள் வெச்சுக் கட்டற தனி வீடு அதுல வராது. ஆனா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019ல வீடு கட்டித் தர்றதும் 'சேவை'ன்னு தெளிவா இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கயும் முதல்ல கேட்கப் போறது ஒப்பந்தம் எங்க, பணம் கொடுத்த ரசீது எங்கன்னுதான். ரொக்கமா கொடுத்துட்டு "சாமி சாட்சி"ன்னு சொல்ல முடியாது. எல்லாம் வங்கி வழியாவே போகட்டும்.

காண்டிராக்டரை நம்பாதீங்கன்னு சொல்றதுக்காக இதை எழுதலை. நல்ல காண்டிராக்டர் லிஸ்ட்டைப் பார்த்து சந்தோஷப்படுவார், ஏன்னா அது அவரையும் நம்மகிட்டேருந்து காப்பாத்தும். லிஸ்ட்டை நீட்டினதும் "என்ன சார், நம்பிக்கை இல்லையா?"ன்னு முகம் சுருங்குச்சுன்னா, காபி கொடுத்து அனுப்பிடுங்க. அந்த ஒரு காபியோட செலவு முடிஞ்சுடும்.

பி.கு: கட்டி முடிச்சவங்க, உங்க ஊர்ல 'இந்த ரேட்டுல வராது' லிஸ்ட்ல என்னென்ன இருந்துச்சுன்னு பின்னூட்டத்துல போட்டீங்கன்னா, இனிமே கட்டப் போறவங்களுக்குப் பெரிய உதவியா இருக்கும்.