ஜாகுவார் காரும் ரோஸ் கலர் சண்டையும்

கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்கிற ஆளை என்ன செய்வது? 2024-ஆம் வருடக் கடைசியில் கார் உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

அந்த வருடம் நவம்பர் 19-ஆம் தேதி ஜாகுவார் கம்பெனி 30 விநாடி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் விசித்திரமாக உடுத்திய மனிதர்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். 'எதையும் காப்பியடிக்காதே' என்பது வாசகம். கார் மட்டும் வரவில்லை! நீங்கள் கார் விற்கிறீர்களா என்று எலான் மஸ்க் கேட்டார். ஊரே சிரித்தது. சிரித்ததில் தப்பில்லை. கார் கம்பெனி விளம்பரத்தில் கார் இல்லையென்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

கார் வந்தது டிசம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் மியாமி நகரில். பெயர் டைப் 00. ஒன்று ரோஸ் கலர், இன்னொன்று நீலம். மின்சாரத்தில் ஓடும் கிராண்ட் டூரிங் கார், சுருக்கமாக ஜி.டி. இது கண்காட்சிக்கான மாதிரி மட்டும்தான். இதன் சாயலில் நான்கு கதவு வைத்த கார் வரும், இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் தயாராகும், விலை ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கும் என்று அறிவித்தார்கள். ஆனால் யார் காதிலும் அது விழவில்லை. தீர்ப்பு இரண்டு வாரம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. விளம்பரத்தை வெறுத்தவர்களுக்குக் கார் அசிங்கம். விளம்பரத்தை ஆதரித்தவர்களுக்குக் கார் புரட்சி. காரைப் பார்த்துப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு.

இதற்கு ஓர் உதாரணம் போதும். 2025 ஏப்ரலில் ஐரோப்பாவில் பதிவான புது ஜாகுவார் கார்கள் வெறும் 49. ஒரு வருடம் முன்பு அதே மாதத்தில் 1,961. "பார்த்தீர்களா, 97.5 சதவீதம் விழுந்துவிட்டது, எல்லாம் அந்த விளம்பரத்தால்தான்" என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. உண்மை என்ன? புது மின்சாரக் கார்களுக்கு இடம் விடுவதற்காக ஜாகுவார் தன்னுடைய பெரும்பாலான மாடல்களின் தயாரிப்பை 2024-லேயே நிறுத்திவிட்டது. விற்பதற்கு வண்டியே இல்லை. கடையை மூடி வெள்ளையடித்துக் கொண்டிருக்கிறவனிடம் போய், "இன்றைக்கு உனக்கு வியாபாரமே இல்லையே" என்று கேட்கிற கதை இது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் கூட அந்த விளம்பரத்தைத் திட்டி, கம்பெனித் தலைவர் அவமானத்தில் விலகிவிட்டார் என்று எழுதினார். விலகியவர் ஏட்ரியன் மார்டெல். 30 வருடத்துக்கும் மேல் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார் என்றுதான் கம்பெனி அறிவித்திருந்தது.

சரி, திட்டியவர்கள் என்ன கேட்டார்கள்? "பழைய அழகான ஜாகுவாரைத் திருப்பிக் கொடு!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாகுவார் அதை ஏற்கனவே கொடுத்துப் பார்த்துவிட்டது. 1990-களின் கடைசியில் எஸ்-டைப், 2001-இல் எக்ஸ்-டைப் என்று பழைய முகத்தையே கொஞ்சம் சுருக்கி, கொஞ்சம் பாலிஷ் போட்டு விற்றது. இரண்டும் கம்பெனியைக் கரையேற்றவில்லை. பிறகு 2013-இல் எஃப்-டைப் விற்பனைக்கு வந்தது. அது அழகில்லை என்று சொன்னவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2024-இல் அதையும் நிறுத்தினார்கள். ஆஹா ஓஹோ என்று புகழ்ந்த கூட்டமெல்லாம் வாங்கியிருந்தால் ஜாகுவார் இந்த நிலைக்கு வந்திருக்காது.

இன்னொரு பழைய கதையும் இவர்களுக்கு ஞாபகம் இல்லை. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் இ-டைப்பைக் காட்டியது. இன்றுவரை உலகத்தின் அழகான கார்கள் என்று பட்டியல் போட்டால் அதை விட்டுவிட்டு யாரும் போடுவதில்லை. அதன் வளைவுகளைக் கணக்குப் போட்டு வரைந்தவர் மால்கம் சேயர். விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர். அதே சேயர் ஆரம்பித்து வைத்த இன்னொரு கார்தான் எக்ஸ்.ஜே-எஸ். 1970-இல் அவர் இறந்துபோனார். 1975-இல் கார் வெளிவந்தது. கூரையிலிருந்து டிக்கி வரை சரிந்து இறங்கும் இரண்டு பக்கத் தடுப்புகளைப் பார்த்து, "இதுவா இ-டைப்பின் வாரிசு?" என்று முகம் சுளித்தார்கள். அந்த வாரிசு 1996 வரை, 21 வருடம் தயாரிப்பில் இருந்தது. 1,15,000-க்கும் மேல் விற்றது. எல்லோரும் கும்பிடுகிற இ-டைப் விற்றது சுமார் 72,000 தான்! ஆக, முதல் நாள் கூச்சலை வைத்து ஒரு ஜி.டி. காரின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது.

அப்படியானால் டைப் 00 நல்ல டிசைனா? இல்லை. இங்கேதான் அதைத் தூக்கிப் பிடித்தவர்களும் ஏமாந்தார்கள்.

அந்தக் காரைப் பக்கவாட்டில் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது மூக்கு. நீ...ண்ட பானட். அதற்குப் பின்னால் தள்ளி, தாழ்வாக உட்காரும் இடம். கீழே 23 அங்குலச் சக்கரம். இது எங்கிருந்து வந்தது? 60 வருடம் முந்திய ஜி.டி. காரிலிருந்து. அன்றைக்கு அந்த நீளத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும் 3.8 லிட்டர் இன்ஜின், பிறகு பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட 5.3 லிட்டர் இன்ஜின். அதை முன்னால் நீளவாக்கில் வைத்து, பாரத்தை இரண்டு அச்சுக்கும் பகிர்ந்தால் பானட் நீண்டுதான் தீரும். இரண்டு பேர், கொஞ்சம் பெட்டி படுக்கை, ஒரே மூச்சில் 500 கிலோமீட்டர், இறங்கும்போது இடுப்பு வலிக்கக் கூடாது. ஜி.டி. என்றால் இதுதான். அதன் அழகு இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

மின்சாரக் காரில் பேட்டரி தரையில் படுத்துக்கொள்கிறது. மோட்டார் சின்னது. அந்தப் பெரிய இன்ஜின் கிடையாது. பிறகு எதற்கு அந்த மூக்கு? வீட்டில் விறகு அடுப்பே இல்லை, கூரையில் மட்டும் புகைபோக்கி கட்டியிருக்கிறார்கள்! இதற்கு 'எதையும் காப்பியடிக்காதே' என்று பெயர் வேறு. அது ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸின் கொள்கை என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், காப்பியடிக்காத காரை ஜாகுவார் 2018-லேயே செய்து காட்டிவிட்டது. இயன் கேலம் தலைமையில் வரைந்த ஐ-பேஸ். இன்ஜின் இல்லை என்று தெரிந்ததும் பானட்டைக் குட்டையாக்கி, உட்காரும் இடத்தை முன்னால் தள்ளி, உள்ளே தாராளமாக இடம் கொடுத்தார்கள். 2019-இல் ஐரோப்பாவின் சிறந்த கார், உலகின் சிறந்த கார், உலகின் சிறந்த டிசைன் என்று பரிசுகளை அள்ளியது. அது ஜி.டி. இல்லை, வேறு வகை வண்டி, சரி. ஆனால் அந்தத் துணிச்சலை ஒரு ஜி.டி.யில் காட்டியிருந்தால் அதுவல்லவா புதுமை? அந்த வழியை விட்டுவிட்டுத் தாத்தாவின் கோட்டை எடுத்து ரோஸ் சாயம் முக்கினார்கள். சாயத்தைப் பார்த்து ஒரு கூட்டம் அலறியது, இன்னொரு கூட்டம் கைதட்டியது. கோட்டு யாருடையது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

"அழகுக்கு எதற்குக் காரணம்? பட்டுப்புடவைக்கு ஜரிகை எதற்கு? நீண்ட பானட் ஒரு கம்பீரம், அவ்வளவுதானே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரோல்ஸ்ராய்ஸ் 2022-இல் காட்டிய ஸ்பெக்டர் காரும் மின்சாரம்தான், அதற்கும் நீண்ட பானட்தான். அதை எதிர்த்து இப்படி ஊர்வலம் கிளம்பவில்லை. ஆனால் ரோல்ஸ்ராய்ஸ் எதையும் காப்பியடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. பழைய மரியாதையைத்தான் விற்கிறேன் என்று சொல்லியே விற்றது. ஜரிகையை ஜரிகை என்று சொல்லி விற்றால் யாருக்கும் சண்டையில்லை.

தேவையிலிருந்து பிறக்கும் அழகு மின்சாரக் காரில் முடியாது என்று யாராவது சொன்னால், 2019-இல் வந்த போர்ஷே டைகானைக் காட்டலாம். பேட்டரி தரையை உயர்த்தும், தரை உயர்ந்தால் கூரையும் உயரும், கூரை உயர்ந்தால் காரின் தாழ்வான தோற்றம் போய்விடும். அதனால் பின்சீட்டில் இருப்பவரின் கால் இறங்குகிற இடத்தில் பேட்டரியில் பள்ளம் விட்டார்கள். ஆள் இறங்கி உட்கார்ந்தார், கூரையும் இறங்கியது. 2023-இல் போல்ஸ்டார் 4 காரில் பின்பக்கக் கண்ணாடியையே எடுத்தார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பின்னால் உட்காருகிறவரின் தலைக்கு இடம் கிடைத்தது. டைப் 00-விலும் பின்கண்ணாடி இல்லை. அங்கே அது தோற்றத்துக்காக. இரண்டு முடிவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்குக் கணக்கு இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

விளம்பரத்துக்கு வந்த பதில்களில் இருந்த வெறுப்பையும் சகிப்பின்மையையும் ஜாகுவாரின் நிர்வாக இயக்குநர் ராடன் குளோவர் கண்டித்தார். அதில் நடித்தவர்களின் தோற்றத்தை வைத்து வசைபாடியவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூச்சல் கம்பெனிக்கு ஒரு வசதியையும் செய்து கொடுத்தது. காரின் வடிவத்தைப் பற்றி ஒழுங்காகக் கேட்டவனும் அதே கும்பலில் ஒருவனாகிப் போனான். பதில் சொல்ல வேண்டிய கேள்விக்குப் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டார்கள். கண்மூடித்தனமாகத் திட்டியவர்கள் செய்த பெரிய உதவி இது!

இதெல்லாம் பணக்காரர்களின் பொம்மை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. 2008-இல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட்ரோவரையும் வாங்கியது டாடா மோட்டார்ஸ். 2025 நவம்பரில் ஜாகுவார் லேண்ட்ரோவரின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி. பி. பாலாஜி. இந்தக் கார் தோற்றால் நஷ்டம் விளம்பரத்தில் வந்தவர்களுக்கு இல்லை. சோலிஹல் தொழிலாளிக்கும், உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும்தான்.

ஆகவே அந்த நான்கு கதவு ஜி.டி. முன்னால் வந்து நிற்கும்போது நிறத்தை விடுங்கள். பின்சீட்டில் ஆறடி ஆள் உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா என்று பாருங்கள். நான்கு பேரின் பெட்டி டிக்கியில் அடங்குகிறதா என்று பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கிற குழந்தை தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக அந்த நீண்ட பானட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அழகா அசிங்கமா என்று அதற்கப்புறம் பேசலாம்.